எடை சரி, குண்டு ஏன் சிதறுகிறது?

குறிசுடும் கைத்துப்பாக்கிக்குத் தாமே தோட்டா கட்டும் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள். எல்லாருக்கும் பயன்படும் ஐந்தை எடுத்துக்கொண்டேன். தோட்டா என்று நான் எழுதுவது முழுதாகக் கட்டி முடித்ததை. அதன் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, பிரைமர் (ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து (வெடிமருந்து), ஈயக்குண்டு. உங்கள் உரிமமும் நாட்டுச் சட்டமும் இந்த வேலைக்கு இடம் கொடுத்தால் மட்டும் மேலே படியுங்கள். மருந்தின் அளவை இங்கே எழுத மாட்டேன். அதை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும், அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: அம்மா, .38 ஸ்பெஷல் ரிவால்வரில் 25 மீட்டர் சுடுகிறேன். 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) வாட்கட்டர் குண்டு, அதாவது முகம் தட்டையான குண்டு. ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தைத் தனித்தனியாக எடை போட்டுத்தான் கொட்டுகிறேன், பத்தில் ஒரு கிரெயின் கூடப் பிசகாது. ஆனாலும் ஆறில் நாலு குண்டு ஒரே இடத்தில் விழுகிறது, இரண்டு விலகிப் போகிறது. வேகம் அளக்கும் கருவி வாங்கினால் தீருமா?

பதில்: கருவிக்குக் காசு போடுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாட்கட்டர் ஏறக்குறைய நொடிக்கு 220, 230 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு குண்டு 220-இலும் அடுத்தது 230-இலும் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் போய்ச் சேருவதற்குள் முன்னது கூடுதலாகத் தாழ்வது சுமார் 5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 50 மில்லிமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தாலே இவ்வளவுதான். அதுவும் மேல்கீழாகத்தான் வரும், பக்கவாட்டில் வராது. உங்கள் இரண்டு குண்டுகளைத் தள்ளிவிடுவது எடை இல்லை.

‘ஆறில் இரண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. ரிவால்வரில் ஆறு அறை. அந்த இரண்டும் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு அறையிலிருந்து வருகிறதா? உருளையில் ஒன்று முதல் ஆறு வரை பேனாவால் எண் போடுங்கள். முதல் அறையில் மட்டும் தோட்டா போட்டு ஐந்து முறை சுடுங்கள், அதற்கு ஒரு தாள். அடுத்த அறைக்கு வேறு தாள். இப்படி ஆறு தாள். ஓர் அறை குழலோடு மயிரிழை நேராக நிற்காவிட்டாலும், அதன் வாய் மற்றவற்றைவிடச் சற்று அகலமாக இருந்தாலும், அதிலிருந்து வரும் குண்டு மட்டும் தனி வழி போகும். இரண்டு மாதம் நான் மருந்தை மாற்றினேன், பிரைமரை மாற்றினேன், குண்டையும் மாற்றினேன். கடைசியில் தாள்களை அறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது குற்றம் முழுக்க நான்காம் அறையில் இருந்தது. ஐந்து தோட்டா போட்டுச் சுடும் போட்டிகளில் அந்த அறையைக் காலியாக விட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

அறைகள் எல்லாம் ஒழுங்கு என்று தெரிந்துவிட்டால், அடுத்ததாகக் குண்டின் அடிப்பாகத்தைப் பாருங்கள். எல்லாரும் குண்டின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முகத்தில் சின்னக் கீறல் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. அடி விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தால் போச்சு. குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு, விளிம்பு எந்தப் பக்கம் குறைந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக முதலில் பீறிடும். குண்டு சாய்ந்தே கிளம்பும். அடி குழிவான வாட்கட்டர் மெல்லிய ஈயப் பாவாடை கட்டியது மாதிரி. பெட்டியிலிருந்து கொட்டும்போது ஒன்றோடொன்று மோதினாலே நசுங்கிவிடும். நான் கொட்டுவதில்லை. ஒரு துணியை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, விரலால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பேன். ஐம்பது குண்டுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

குண்டைக் கூட்டில் இறக்கும் இடத்திலும் கெடுதல் நடக்கும். கூட்டின் வாயை மணியின் விளிம்பு போலக் கொஞ்சம் விரித்துக்கொள்ள வேண்டும். விரிப்பு போதாவிட்டால் கூட்டின் விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். குண்டு இறங்கியதும் கூட்டின் வாயோரம் உற்றுப் பாருங்கள். வெட்டிப்போட்ட நகம் போல ஒரு மெல்லிய ஈயப் பிறை ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தக் குண்டு ஒரு பக்கம் செதுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அதைப் பயிற்சிப் பெட்டிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, குண்டை இறக்குவதும் வாயை மடித்துக் கிரிம்ப் செய்வதும் ஒரே டையில் (தோட்டாவை அழுத்தி வடிவாக்கும் அச்சில்) ஒரே இழுப்பில் முடியும் என்றாலும் நான் இரண்டையும் தனித்தனி டையில்தான் செய்கிறேன். குண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதே வாய் மடிந்தால் ஈயத்தில் கடித்துவிடும். கூடுகளின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளமான கூட்டில் கிரிம்ப் அழுத்தமாகவும் குட்டையானதில் தொட்டும் தொடாமலும் விழும். பல தயாரிப்புக் கூடுகளைக் கலந்து கட்டுகிறவர்கள் போட்டிக்காவது ஒரே முத்திரை உள்ளவற்றைப் பிரித்து வையுங்கள். சுவர் தடித்த கூட்டில் வாட்கட்டரை வாய்மட்டம் வரை ஆழமாக இறக்கினால் அந்த ஈயப் பாவாடை உள்ளேயே நெரிந்துவிடும்.

கேள்வி: .45 தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கும் இதே மாதிரி வாயை மடிக்கலாமா?

பதில்: கூடாது. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, அது உருளையில் பிடித்துக்கொள்ளும். .45 ஏசிபி தோட்டா (அந்தத் தானியங்கியில் போடுவது) கூட்டின் வாயை ஊன்றித்தான் அறைக்குள் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. வாயை உள்ளே மடித்துவிட்டால் ஊன்ற விளிம்பு இருக்காது. முன்பு விரித்த மணியை நேராக்கும் அளவுக்குச் சரிவான கிரிம்ப் போதும். சோதிக்க ஒரு வழி: துப்பாக்கியைக் கழற்றிக் குழலை மட்டும் கையில் எடுத்து, கட்டிய தோட்டாவை அறையில் போடுங்கள். ‘டக்’கென்று இறங்க வேண்டும். கவிழ்த்தால் தன் எடையிலேயே வெளியே விழ வேண்டும். விரலால் அழுத்தித்தான் இறங்குகிறது என்றால் டையைத் திருத்தாமல் அடுத்த தோட்டாவைக் கட்டாதீர்கள்.

கேள்வி: கூட்டில் மருந்து இரட்டிப்பாக விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழக்கப்பட்டவர்கள், கவனமாக இருந்தால் போதும் என்கிறார்கள்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள். கவனம் மட்டும் போதாது, கண்ணால் பார்க்கும் ஒரு கட்டம் வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

.38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது, புகை கக்கும் பழைய கருமருந்தை நிறையக் கொள்ளும்படி நீளமாகச் செய்த கூடு. இன்றைய புகையில்லா மருந்தில், குறிசுடுவதற்கான மெல்லிய கட்டு (குறைந்த மருந்தளவு) அந்தக் கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை போலக் கிடக்கும். இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து போட்ட பிறகு, ஒரு குண்டைக்கூட இறக்குமுன் டார்ச்சை மேலிருந்து அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். பக்கத்துக் கூட்டோடு ஒப்பிடும்போது கண் ஏமாறாது. ஒரு மாலை, பாதி வேலையில் வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். டார்ச் அடித்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் மருந்து மேலேறி நின்றது. ஐம்பதையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றிலிருந்து பாதியில் எழுந்தால் அந்தப் பலகை முழுவதையும் கொட்டிவிடுவது என் வழக்கம்.

மருந்தே விழாமல் போவதும் இதே அளவு ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அடுத்த குண்டு அதன் மேல் மோதினால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். ஒரு பயிற்சியில் பக்கத்து மேடையில் இருந்தவர் வேகச் சுற்றுச் சுட்டுக்கொண்டிருந்தார். இலக்கு 3 வினாடி முகம் காட்டும், 7 வினாடி திரும்பி நிற்கும். அவருடைய மூன்றாவது வெடி ‘பொத்’தென்று கேட்டது, கை துள்ளவில்லை. அவர் அடுத்த முகத்துக்காகக் காத்திருந்த அந்த 7 வினாடிக்குள் நான் ‘நிறுத்துங்கள்!’ என்று கத்திவிட்டேன். பிறகு பார்த்தால் குண்டு குழலின் நடுவில் சிக்கியிருந்தது. சத்தம் மெலிந்தாலோ துள்ளல் குறைந்தாலோ விரலை விசையிலிருந்து எடுத்துவிடுங்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுங்கள். பிறகு தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் ஒரு குச்சியை விட்டு அடைப்பு உண்டா என்று பார்த்த பிறகே அடுத்தது.

கேள்வி: மூன்று குண்டு ஒரே ஓட்டையாக விழுந்தது. இந்தக் கட்டையே (இதே மருந்து, குண்டுச் சேர்க்கையையே) நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மகிழ்ச்சிதான், ஆனால் மூன்று போதாது. அதே பெட்டியிலிருந்து இன்னும் ஐந்து தடவை மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒன்று காசளவும் இன்னொன்று உள்ளங்கை அளவுமாக வரும். சிறியதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பெரியதை ‘என் கை ஆடிவிட்டது’ என்று ஒதுக்குவது நம் எல்லாருக்கும் உள்ள பலவீனம். பத்துப் பத்தாக மூன்று தாளாவது, தாங்கி வைத்துச் சுடுங்கள், எதையும் ஒதுக்காதீர்கள். இரண்டு கட்டுகளை ஒப்பிடும்போது வேறொருவரிடம் கொடுத்துப் பெயரில்லாத இரண்டு பெட்டியில் போடச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் சுட்ட தாளைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: .22-க்கும் நாமே தோட்டா கட்டலாமா?

பதில்: வேண்டாம். அதில் பிரைமர் தனியாக இல்லை, தீப்பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது, அதோடு கூட்டின் ஆயுள் முடிந்தது. .22-இல் செய்ய வேண்டியது தொகுதிச் சோதனை. ஒரே பெயர், ஒரே பெட்டிதான், ஆனால் தொகுதி எண் மாறினால் உங்கள் குழலுக்குப் பிடிப்பதும் மாறும். நாலைந்து தொகுதியில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதிலேயே மொத்தமாக வாங்குங்கள்.

இதே கடிதத்தில் இவர், வீட்டில் குழந்தை இருக்கிறது, ஈயம் கெடுதலா என்றும் கேட்டிருந்தார். நிச்சயமாகக் கெடுதல். குண்டில் மட்டுமல்ல, பெரும்பாலான பிரைமர்களின் புகையிலும் ஈயம் உண்டு, சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியிலும் உண்டு. வேலை மேசையில் சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பிறகு குழந்தையைத் தூக்குங்கள். பிரைமர்களை வந்த அட்டையிலேயே வைத்துப் பூட்டுங்கள். புட்டியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தாலும் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.