"2,400 அடி அவர்களுக்கு, 142 அடி நமக்கா?": பொய்ச் செய்தியும் வகுப்பறையும், கேள்வி பதில்

கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளிப் பக்கத்திலும் உள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. பொய்ச் செய்தியை இனம்காண மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பொருள். நான் இருபத்தாறு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்தும் வாத்தியார். கணினி வல்லுநன் அல்லன். கைப்பேசிப் பழுதுக்கு என்னிடம் வர வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு இதை எங்கிருந்து தொடங்குவது? (கூடலூர், ஆசிரியை)

அணையிலிருந்து தொடங்குங்கள் அம்மா. நம் ஊர்ப் பிள்ளைக்கு அதைவிட நெருக்கமான பாடம் கிடையாது.

மழைக்காலம் வந்தால் ஒரு செய்தி தவறாமல் சுற்றும்: "இடுக்கியில் 2,400 அடி தண்ணீர் தேக்கிக்கொள்கிறார்கள். முல்லைப் பெரியாற்றில் நமக்கு 142 அடிக்கு மேல் தர மாட்டார்களாம்." இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். வகுப்பு கொதித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். அவன் அம்மா தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர். "சார், 2,400 அடிக்குச் சுவர் எழுப்பியிருந்தால் நம் ஊரிலிருந்தே தெரியாதா?"

அன்றைய பாடம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். இடுக்கியின் முழுக் கொள்ளளவு மட்டமான 2,403 அடி, கடல் மட்டத்திலிருந்து அளப்பது. அந்த அணையின் உயரமே சுமார் 554 அடிதான். முல்லைப் பெரியாற்றின் 142 அடி கடல் மட்டக் கணக்கு அல்ல, அணையடியிலிருந்து வரும் கணக்கு. மலைமேல் நிற்பவன் உயரத்தையும் தரையில் நிற்பவன் உயரத்தையும் ஒப்பிட்டதுபோல. இரண்டு எண்ணும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்த கைதான் பொய் சொன்னது. "எண் இருந்தால் உண்மை" என்று நம்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இதை நடத்தும்போது நம் வழக்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக யாராவது சண்டைக்கு வருவார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது என்பதும், அணையின் முழு மட்டம் 152 அடி என்பதும் அப்படியேதான் இருக்கின்றன. நியாயமான வழக்குக்குப் பொய்க் கணக்கு எதற்கு?

படத்தைப் பார்த்தவுடனே பொய் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா? (கம்பம், ஒரு தந்தை)

இல்லை. வேறு ஒரு வழி உண்டு: படத்தை முறைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். செய்தியை விட்டு வெளியே போய், இதைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து வரலாற்று முனைவர்கள், பத்து உண்மை சரிபார்ப்பவர்கள், இருபத்தைந்து மாணவர்கள். இணையப் பக்கங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். முனைவர்களும் மாணவர்களும் பக்கத்திலேயே குந்தி, மேலிருந்து கீழ்வரை படித்து, அழகான சின்னத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். இதை யார் நடத்துகிறார் என்று வெளியே விசாரித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். பெண் கொடுக்கப் போகிறவர் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து விசாரிப்பாரா? பக்கத்துத் தெருவில் கேட்பார். அதேதான்.

பல நேரம் படம் உண்மையாகவே இருக்கும். ஊரும் தேதியும்தான் பொய். 2018-இல் இந்தியா முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ, கராச்சியில் எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படத்தில் ஆறு விரல் இருக்குமாமே? (சின்னமனூர், மாணவர்)

இருந்தது தம்பி. இப்போது ஐந்தாக வரையக் கற்றுக்கொண்டது. மேலே உள்ள பதிலைப் பார்.

எந்தச் செயலி உண்மையைச் சொல்லும்? (போடி)

எதுவும் சொல்லாது. கூகுள் லென்ஸ் பழைய படம் முன்பு எங்கே வந்தது என்று காட்டும். மீதி உங்கள் வேலை.

கேரளத்தில் பாடப்புத்தகத்திலேயே வைத்துவிட்டார்கள். நமக்கு எப்போது? (குமுளி, ஆசிரியை)

பொறாமையாகத்தான் இருக்கிறது. கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-இல் "சத்யமேவ ஜயதே" என்ற பெயரில் 150 அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. 2024-இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் புத்தகங்களில் உண்மை சரிபார்ப்பு வந்துவிட்டது. நாம் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விழுக்காடு நடத்தும் கணக்கு வாத்தியாருக்கும் நிலவரைபடம் நடத்தும் எனக்கும் இடம் இருக்கிறது.

எங்களிடம் இல்லாத வசதி ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்கள் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் படிப்பார்கள். ஒரே அணைப் படம் இரண்டு மொழியிலும் என்ன வாசகத்தோடு சுற்றுகிறது என்று எடுத்து வரச் சொல்லுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், முல்லைப் பெரியாறு கசிகிறது, எர்ணாகுளம் மூழ்கப்போகிறது என்று மலையாளத்தில் ஒரு குரல்பதிவு சுற்றி மக்களை அலறவைத்தது. அதைக் கேட்டு நாம் சிரித்தோம். நம் பக்கத்து 2,400 அடிக் கதைக்குச் சிரிக்கவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள், இதை எத்தனை முறையும் சொல்வேன்: பொய்ப் படத்தைத் திரையில் தனியாகக் காட்டாதீர்கள். "பொய்" என்ற சொல்லை அதன் மேலேயே எழுதிக் காட்டுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது படம் மட்டும் கூடப் போகும், உங்கள் விளக்கம் பள்ளியிலேயே தங்கிவிடும்.

என் மாமனார் குடும்பக் குழுவில் தினமும் பத்துச் செய்தி அனுப்புகிறார். பேத்தியை விட்டுத் திருத்தச் சொல்லலாமா? (உத்தமபாளையம், ஒரு தாய்)

வேண்டவே வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி, தாத்தா அனுப்பிய தடுப்பூசிச் செய்தியை நாற்பது பேர் உள்ள குழுவில் தவறு என்று நிரூபித்தாள். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது கிளம்பிய அதே வதந்திதான். அவள் சொன்னது நூறு விழுக்காடு சரி. தாத்தா ஒரு மாதம் அவளோடு சாப்பிட உட்காரவில்லை, செய்தி அனுப்புவதையும் நிறுத்தவில்லை. தனியாகப் போய், "தாத்தா, இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். அது போதும், அவரே யோசிப்பார்.

பொறியாளர் பென்னிகுயிக் தன் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியது கதை என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களாமே. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இப்படிப் பேசலாமா? (கூடலூர், விவசாயி)

வந்துவிட்டீர்களா ஐயா? எதிர்பார்த்தேன்.

1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டியது. அந்தப் பணியிலேயே இருந்த பொறியாளர் மெக்கன்சி, 1899-இல் திட்டத்தின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். இங்கிலாந்துச் சொத்தை விற்றார், மனைவி நகையை விற்றார் என்பதற்கு அந்தக் காலத்து ஒரு தாளைக் காட்டுங்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. இதுவரை யாரும் காட்டவில்லை.

காட்டில் காய்ச்சலோடும் வெள்ளத்தோடும் மல்லுக்கட்டி, மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பியவர் அவர். அது போதாதா? சொத்து விற்றால்தான் கும்பிடுவோமா?

சிலைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, மேடையில் மந்திரிகளே பேசுகிறார்கள். அவர்களெல்லாம் பொய்யா? (அதே விவசாயி, இரண்டாம் சீட்டு)

பேசுகிறவர் பெரியவர் என்பது சான்று ஆகாது. 2021-இல் மதுரையில் நூலகத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று தலைவர்களே சொன்னார்கள். அவர் 1911-லேயே இறந்துவிட்டார், கட்டடம் அதன் பிறகு கட்டியது என்று அரசு பதில் சொன்னது. இரண்டு தேதியை வைத்துக் கழித்துப் பார்க்க எட்டாம் வகுப்பே போதும்.

எங்கள் பாட்டனார் அணையில் வேலை செய்தவர். அவர் சொன்னதைப் பொய் என்கிறீர்களா? (லோயர்கேம்ப்)

பாட்டனார் கல் சுமந்ததை நம்புகிறேன். பென்னிகுயிக்கின் வங்கிக் கணக்கை அவர் எங்கே பார்த்தார்?

இதைப் பேசினால் கேரளாக்காரன் பிடித்துக்கொள்ள மாட்டானா? (கம்பம்)

எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காத கேள்வி இது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவியபோது, சரிபார்க்காமல் பரப்புகிறார்களே என்று நாம் குமுறினோமா இல்லையா? அடுத்தவன் நம்மைப் பற்றிய செய்தியைச் சோதிக்க வேண்டும், நாம் நமக்குப் பிடித்த செய்தியைச் சோதிக்கக் கூடாது என்றால் இந்தப் பாடமே வேண்டாம், வேறு ஏதாவது நடத்தலாம்.

நமது தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததா? 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருந்ததா? (தேனி)

இல்லை. இல்லை. நோட்டையே 2023-இல் திரும்பப் பெற அறிவித்துவிட்டார்கள், கேள்வி இன்னும் வருகிறது.

பரிசு விழுந்ததாக வந்த இணைப்பைத் தொட்டுப் பணம் போய்விட்டது. (ஆண்டிபட்டி)

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். உடனே.

போலிப் படத்தை விரலை வைத்து... (மூன்று சீட்டுகள்)

சின்னமனூர்த் தம்பிக்குச் சொன்னதுதான்.

ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பொங்கலுக்கு வருவீர்களா, மாட்டீர்களா? (கூடலூர் விவசாயி, கடைசிச் சீட்டு)

வருவேன் ஐயா, எந்த ஆண்டு வராமல் இருந்தேன்? மெக்கன்சி புத்தகத்தின் நகலையும் கொண்டுவருகிறேன், உங்கள் பேரனை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பொங்கலில் ஏலக்காய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.