நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிற பெண் வக்கீலாகலாமா?

கேள்வி: என் மகள் இங்கே அமெரிக்காவில் கல்லூரியில் இரண்டாம் வருடம் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். 'டிரையல் அட்டர்னி', அதாவது கோர்ட்டில் நின்று வழக்காடும் வக்கீல், ஆகப் போகிறேன் என்கிறாள். வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே அறைக்குள் போய்விடுகிற பெண். இது அவளுக்கு ஒத்துவருமா? எங்கே தொடங்க வேண்டும்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தாராளமாக ஒத்துவரும், சகோதரி. வகுப்பில் ஒரு நாள்கூடக் கையைத் தூக்காமல் பட்டம் வாங்கியவள் நான். அப்புறம் 19 வருடம் பப்ளிக் டிஃபெண்டராக, அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுகிறவளாக வேலை பார்த்தேன்.

இலக்கியம் படிப்பது தடையே இல்லை. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் சட்டக் கல்லூரிக்குப் போகலாம். எல்சாட் நுழைவுத் தேர்வு, 3 வருட ஜே.டி. என்கிற சட்டப் பட்டப் படிப்பு, பிறகு தொழில் செய்யப் போகும் மாநிலத்தின் 'பார்' தேர்வு, அதாவது வக்கீல் உரிமத்துக்கான தேர்வு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே நல்ல 'கிளினிக்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வக்கீலின் மேற்பார்வையில் மாணவர்களே நிஜ வழக்கை நடத்துகிற வகுப்பு அது. என் முதல் கட்சிக்காரரை அங்கேதான் சந்தித்தேன்.

படித்து முடித்ததும் எங்கே சேர்கிறாள் என்பது முக்கியம். பெரிய நிறுவனங்களில் சம்பளம் அதிகம். ஆனால் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, முன்னால் எழுந்து நிற்க வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். குற்ற வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். முழு விசாரணை அவ்வளவு அபூர்வம். அதனால் மாவட்ட அரசு வக்கீல் அலுவலகமோ, பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகமோதான் தொழில் பழக நல்ல இடம் என்பேன்.

என் முதல் விசாரணை நாள் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சிறையில் இருப்பவரைச் சிறை உடையோடு ஜூரி முன் நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1976-ல் சொன்னது. அதற்காகவே எங்கள் அலுவலகத்தில் ஒரு துணி அலமாரி வைத்திருந்தோம். அதிலிருந்து எடுத்த வெள்ளைச் சட்டை அந்தப் பையனுக்குக் கழுத்தில் இரண்டு விரல் பெரிதாக இருந்தது. டை கட்ட அவனுக்குத் தெரியாது. நான் முந்தின இரவு நாற்காலி முதுகில் கட்டிக் கட்டிப் பழகியிருந்தேன். முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அதுவரை 'ஆமாம்', 'இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டவன், அப்புறம் பேச ஆரம்பித்தான். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கு இது இயல்பாகவே வரும் என்று நினைக்கிறேன்.

அவளைக் கிடியன் வழக்கையும் படிக்கச் சொல்லுங்கள். 1961-ல் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் திருடியதாகக் கைதான கிளாரன்ஸ் கிடியன், வக்கீல் கேட்டும் கிடைக்காமல் தானே வாதாடி, 5 வருடத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் அவருக்காக வாதாடிய வக்கீல், கிடியனை ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநரிடமிருந்து ஒன்றை வெளியே கொண்டுவந்தார்: வண்டியில் ஏறும்போது கிடியன் கையில் ஒயின், பீர், கோக் எதுவும் இல்லை. காணாமல் போனவற்றில் அவையும் உண்டு! சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி அவரை விடுவித்தது. முதல் விசாரணையிலும் அதே கிடியன்தான். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் அப்போது பக்கத்தில் இல்லை.

கேள்வி: படிப்புக் கடன் பயமுறுத்துகிறதே?
– அதே வாசகி

பதில்: பயம் நியாயமானது. அரசு வக்கீலாகவோ பப்ளிக் டிஃபெண்டராகவோ முழுநேரம் வேலை பார்த்தபடி 120 தகுதியான மாதத் தவணைகள் கட்டினால், மீதிக் கூட்டரசுக் கடனை, அதாவது மத்திய அரசிடம் வாங்கிய படிப்புக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. தனியார் வங்கிக் கடனுக்கு அது பொருந்தாது. கடன் வாங்கும்போதே இதை யோசித்து வாங்குங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. இங்கே கோர்ட் விசாரணையைப் பொதுவாக யாரும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த விடுமுறையில் மகளை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.