மெசேஜ் கியூ எதற்கு? ஒரு சர்வர் இன்னொன்றை நேரடியாக அழைத்தால் போதாதா?

மெசேஜ் கியூ என்பது, வரும் வேலைகளை வந்த வேகத்தில் வாங்கி வைத்து, செய்பவர் தன் வேகத்தில் எடுத்துக்கொள்ள விடும் இடம்.

ஆர்டர் வாங்கும் சர்வர், பில் போடும் சர்வரை நேரடியாக அழைத்துக் காத்திருந்தால், பின்னது படுத்தால் முன்னதும் படுக்கும். நடுவில் கியூ இருந்தால் ஆர்டரை அதில் போட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் உடனே 'சரி' என்று சொல்லிவிடலாம்.

திருநெல்வேலிப் பக்கம் இதை விளக்குவது எளிது. தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் பல ஊர்களில் குளத்தில் தேங்கி, மடை வழியாகத் தேவைக்கேற்ப வயலுக்குப் போகிறது. வரத்து திடீரென்று கூடினாலும் குளம் தாங்கும். நிரம்பினால் மறுகால் (உபரி நீர் வெளியேறும் வழி) பாயும். கியூவுக்கு மறுகால் எங்கே என்பதை நீங்கள்தான் முன்பே யோசிக்க வேண்டும். அமேசானின் கியூ சேவையான எஸ்கியூஎஸ்-இல் (SQS) யாரும் எடுத்து முடிக்காத செய்தி, அதாவது கியூவில் போட்ட வேலை, நீங்கள் மாற்றாவிட்டால் 4 நாளில் அழிந்துவிடும்; அதிகபட்சம் 14 நாள்தான் வைக்கலாம்.

அப்புறம் ஒன்று. செய்தியை எடுத்த வொர்க்கர், அதாவது அந்த வேலையைச் செய்யும் புரோகிராம், வேலை முடிந்து அதை அழிக்கும்வரை அது கியூவிலேயே இருக்கும். அழிக்காமல் பாதியில் விழுந்தால், எஸ்கியூஎஸ்-இன் இயல்பான அமைப்பில், எடுத்த 30 விநாடி கழித்து இன்னொரு வொர்க்கருக்குப் போகும். ஆக, ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். அப்படி வந்தாலும் பணம் ஒருமுறைதான் பிடிக்கப்படுமாறு புரோகிராம் எழுதுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கியூ போட்டால் வேலை வேகமாக முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது திடீர் நெரிசலைத்தான் தாங்கும், வரத்து எப்போதுமே அதிகம் என்றால் வொர்க்கர்களைக் கூட்டத்தான் வேண்டும்.