பூனைக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்விகள்

கே: தாய் முழுக் கறுப்பு. தெருவில் திரியும் கடுவன் செம்மஞ்சள். நான்கு குட்டிகளில் மூன்று ஆணும் கறுப்பு. தகப்பன் அந்தக் கடுவன்தானா?

ப: ஆண் குட்டிகளை வைத்துச் சொல்ல முடியாது. செம்மஞ்சளுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும்; தகப்பன் தருவது ஒய். பெண் குட்டியைப் பாருங்கள்.

கே: அதுவும் கறுப்புதான். பின்னங்காலில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு.

ப: அது போதும். தாய் முழுக் கறுப்பு என்பதால் அந்த மஞ்சள் தகப்பன் தந்த எக்ஸிலிருந்துதான் வந்திருக்கும்; அவள் தகப்பன் செம்மஞ்சள். அதற்காக அந்தக் கடுவன்தான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு.

கே: இரண்டு கறுப்புப் பூனைகளுக்குச் சாம்பல் குட்டி எப்படி?

ப: நிறத்தை வெளிறச் செய்வது ஒடுங்கு ஜீன், அதாவது இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும். இரு பெற்றோரும் ஒவ்வொரு பிரதியை ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

கே: முழு வெள்ளை ஓங்கு பண்பு என்கிறார்கள். பிறகு ஏன் ஊரெல்லாம் வெள்ளைப் பூனை இல்லை?

ப: ஓங்கு என்றால் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், அவ்வளவுதான். எண்ணிக்கையில் அதிகம் என்று பொருளல்ல. இந்த ஜீன் மற்ற நிறங்களை மூடிவிடும். காது கேளாமையோடும் சேர்ந்து வரலாம், நீலக்கண் இருந்தால் இன்னும் அதிகம். குட்டி விற்பதற்காக அப்படிப்பட்ட ஜோடியைச் சேர்க்காதீர்கள்.

கே: என் மூவண்ணக் கடுவனுக்கு என்ன விலை கிடைக்கும்?

ப: முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள், அநேகமாகப் பெண்ணாக இருக்கும். நிஜமாகவே கடுவன் என்றால் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது ஒரு எக்ஸ் கூடுதல். குட்டி போட வைக்க முடியாது. விலை பேசுவது என் வேலையில்லை.

கே: செம்மஞ்சள் ஓங்கு என்றால் முதல் கேள்வியில் வந்த அந்த மஞ்சள் பொட்டு மகள் முழுச் செம்மஞ்சளாகத்தானே பிறக்க வேண்டும்? மெண்டல் சொன்னது பொய்யா?

ப: மெண்டலை விடுங்கள், அவர் பட்டாணியோடு இருந்தார். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு எக்ஸை வேலை செய்யாமல் அணைத்துவிடுகிறது. மரபியலாளர் மேரி லயன் 1961-இல் சொன்னது இது. செம்மஞ்சள் எக்ஸ் அணைந்த இடம் கறுப்பு, மற்ற இடம் செம்மஞ்சள்.

கே: அப்படியானால் குளோனிங் செய்தால் அதே திட்டுகள் வர வேண்டுமே?

ப: சரி, நல்ல சண்டை. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோன் செய்தார்கள். பிறந்த 'சிசி'யின் உடம்பில் செம்மஞ்சளே இல்லை! குளோனுக்கு எடுத்த செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் அணைந்தே இருந்தது, குளோனிலும் அணைந்தபடியே நின்றுவிட்டது. செம்மஞ்சளுக்கான அந்த ஜீன் எது என்பது உறுதியானது 2025-இல்தான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன: ஏஆர்எச்ஜிஏபி36 என்ற ஜீன் அருகே சுமார் 5,000 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) விடுபட்டிருக்கின்றன.

கே: எங்கள் வீட்டு மூவண்ணமும் ஆண்தான். அரிதா?

ப: மேலே. வாலைத் தூக்குங்கள்.

கே: கறுப்புப் பூனை செம்பட்டையாகிறது. மறைந்திருந்த ஜீன் வெளிப்படுகிறதா?

ப: இல்லை. வெயிலில் வெளுத்திருக்கும், உணவில் டைரோசின் குறைந்தாலும் இப்படி ஆகும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.