சிவாஜி கணேசன்: கேள்வி பதில்

கேள்வி: சிவாஜி படம் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'பராசக்தி'யில் தொடங்காதீர்கள். 1952 தீபாவளிக்கு வந்த அந்த முதல் படம்தான் அவரை நிலைநிறுத்தியது. ஆனால் கலைஞரின் அடுக்கு வசனம் பழகாத காதுக்கு முதல் அரை மணியிலேயே மலைப்பு வந்துவிடும். முதலில் 'முதல் மரியாதை' (1985). கர்ஜனை கிடையாது, பாதிப் படம் பார்வையிலும் மௌனத்திலுமே நகரும். அடுத்து பாட்டே இல்லாத 'அந்த நாள்' (1954). நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஆள் அவர். தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பிறகு 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'கர்ணன்' (1964). இவ்வளவும் முடித்துவிட்டு 'பராசக்தி'க்குப் போங்கள். நீதிமன்றக் காட்சியை மட்டும் தனியாக வெட்டிப் பார்க்க வேண்டாம். அதற்கு முன் அந்தக் குடும்பம் படும் பாட்டைப் பார்க்காதவருக்கு அது வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

கேள்வி: மறைக்காமல் சொல்லுங்கள், அது மிகை நடிப்புதானே?

சில படங்களில் ஆமாம். ஆனால் எங்கே, ஏன் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் முதல் ராஜா வேடம் வரை போட்டு வளர்ந்தவர் அவர். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் குரலும் கையசைவும் போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ஐம்பதுகளின் திரை வசனமும் மேடைக்காக எழுதியது போலத்தான் இருந்தது. எதுகை மோனையோடு பத்து வரி ஓடும் வசனத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினால் அது செத்துவிடும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) முதலில் அவரது நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம் என்பதை மறக்கக் கூடாது.

அந்த நீள வசனங்களையும் அவர் ஒரே சத்தத்தில் பேசுவதில்லை. தாழ்ந்த குரலில் தொடங்குவார், நாம் எதிர்பார்க்காத இடத்தில் மூச்சை நிறுத்துவார், கடைசிச் சொல்லுக்காகக் குரலைச் சேமித்து வைத்திருப்பார். மிமிக்ரிக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

கோளாறு பின்னால் வந்தது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த பல படங்களில் கேமரா முகத்துக்கு அருகே வந்துவிட்டது, அளவு மட்டும் மேடை அளவாகவே இருந்தது. 'போதும்' என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் எத்தனை இயக்குநருக்கு இருந்திருக்கும்? சொன்னவர்களிடம் என்ன கிடைத்தது என்பதற்கு 'முதல் மரியாதை'யும் 'தேவர் மக'னும் (1992) சாட்சி.

கேள்வி: 'தில்லானா'வில் நாதஸ்வரம் அவரே வாசித்ததா?

இல்லை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் அவர் விரலை மட்டும் பார்க்காதீர்கள். கன்னம், கழுத்து, நீண்ட பிடி முடிந்ததும் மூச்சு வாங்கும் தோள், இவற்றையும் பாருங்கள். பாட்டிலும் இதே கதைதான். 'பராசக்தி'யில் அவருக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன்; 'தூக்குத் தூக்கி' (1954) முதல் டி.எம்.எஸ். குரல் ஒட்டிக்கொண்டது. டி.எம்.எஸ். அவருக்கேற்பக் குரலை மாற்றிப் பாட, சிவாஜியோ பாடுபவருக்குத் தொண்டை எப்படி இறுகுமோ அப்படியே இறுக்கி வாயசைத்தார்.

கேள்வி: எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நடித்த படங்கள்?

ஒன்றே ஒன்று: 'கூண்டுக்கிளி' (1954).

கேள்வி: நூறாவது படம் 'நவராத்திரி' என்கிறார்கள், சிலர் 'முரடன் முத்து' என்கிறார்கள். எது சரி?

இரண்டும் 1964 நவம்பர் 3, தீபாவளி அன்றே வெளியானவை, குழப்பம் அதனால்தான். இயக்குநர் பி.ஆர். பந்துலு தம் 'முரடன் முத்து'வுக்கு அந்தப் பெருமை வர வேண்டும் என்று விரும்பினார். ஒன்பது வேடங்கள் உள்ள 'நவராத்திரி'க்கே அது போனது. அந்த மனக்கசப்பில் பந்துலு எம்.ஜி.ஆர். பக்கம் போய் எடுத்ததுதான் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965). இருநூறாவது 'திரிசூலம்' (1979), அந்தக் கணக்கில் யாருக்கும் தகராறில்லை. மொத்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணம், கௌரவத் தோற்றங்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதுதான்.

கேள்வி: தேசிய விருது ஒருமுறைகூட இல்லையா சார்?

சிறந்த நடிகருக்கானது கிடைக்கவே இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நடிகர்களுக்கான தேசிய விருதே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. 'பாசமலர்', 'கர்ணன்', 'நவராத்திரி' எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன, போட்டியிடவே இடமில்லை. அதற்குப் பின் வந்தவற்றுக்குக் கொடுக்காததைத்தான் குறை சொல்லலாம். 'தேவர் மக'னுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதை அறிவித்தார்கள், அவர் வாங்க மறுத்துவிட்டார். வெளியே, 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் 'கட்டபொம்ம'னுக்காகச் சிறந்த நடிகர். பிரான்ஸ் அரசின் செவாலியே விருது 1995-இல். தாதா சாகேப் பால்கே விருது 1996-ஆம் ஆண்டுக்கு.

கேள்வி: இவ்வளவு ரசிகர்கள் இருந்தும் அரசியலில் ஏன் எடுபடவில்லை?

தி.மு.க. மேடையில் வளர்ந்தவர், திருப்பதி போனது பிரச்சினையாகி விலகினார். பிறகு காமராஜர், காங்கிரஸ். 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று சொந்தக் கட்சி தொடங்கி, 1989-இல் திருவையாறில் தோற்றார். எம்.ஜி.ஆர். திரையில் குடிக்க மாட்டார், தோற்க மாட்டார். அந்த ஆளுக்கே மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இவரோ துரோகி, குடிகாரன், ஏமாந்த அண்ணன் என்று எல்லாமாக வந்து, பாதிப் படங்களில் செத்தும் போனார். நடிகராக அவருக்குப் பலமாக இருந்ததே தலைவராகப் பலவீனமாயிற்று என்பது என் கணிப்பு.

கேள்வி: கல்லூரி நாடகத்தில் கிழவர் வேடம். அவரிடம் எதைப் பார்த்துப் பழகலாம் ஐயா?

'திருவருட்செல்வர்' (1967) அப்பர். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காஞ்சிப் பெரியவரை மனத்தில் வைத்துச் செய்தது. முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு, கால் தரையில் எப்படி விழுகிறது, உட்காரும்போது உடம்பின் கனம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை கண்ணை மூடிக் கேளுங்கள். புதியவர்கள் குரல் நடுக்கத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள். கால் இருபது வயதிலேயே நிற்கும், வேடம் அங்கே உடைந்துவிடும். நடையை ஒரு வாரம் பழகிய பிறகு வசனத்தைத் தொடுங்கள்.

கேள்வி: கடைசிப் படம் 'படையப்பா'தானே?

இல்லை, அதே 1999-இல் அதற்குப் பிறகு வந்த 'பூப்பறிக்க வருகிறோம்'. 2001 ஜூலை 21-இல் காலமானார்.