ரெண்டு தலைப்பையும் சேக்கலாமா? கரும்புக் காட்டுக் கல்லுல இருந்து ஆரம்பி

கேள்வி: அக்கா, நான் ரோஸ் ஹில்ல படிக்கிறேன். ஜியாகரபி ப்ராஜெக்ட்டுக்கு "நம்ம ஆளுங்க மொரிஷியஸ் வந்த வரலாறு", "தீவு உருவான விதம்"னு ரெண்டு தலைப்பு குடுத்திருக்காங்க. ரெண்டையும் சேத்து பண்ண முடியுமா?

பண்ணலாம் தம்பி. ஆனா முன்பாதி எரிமலை பின்பாதி கப்பல்னு ரெண்டு கட்டுரைய ஒட்டி வெச்சிடாத, திருத்துறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். ரெண்டும் சேர்ற இடம் கரும்புக் காடு, அங்க நடுநடுவுல மேடா கல்லு குவிச்சு வெச்சிருப்பாங்க பாரு, அதுலேர்ந்து ஆரம்பி.

ஒரு கல்ல கையில எடுத்துப் பாரு. கருப்பு பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி உறைஞ்ச கல்லு, சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது லாவா ஆறும்போது உள்ள இருந்த வாயு வெளிய போன தடம். மேல செம்மண் மாதிரி ஒரு தோல் படிஞ்சிருக்கும், அதுல இருக்குற இரும்பு துருப்பிடிச்சதுதான், உடைச்சா உள்ள சாம்பல் கலர் தெரியும். நம்ம தீவுக்கு வயசு சுமார் 80 லட்சம் வருஷம். பீட்டர் போத் மலை எல்லாம் அந்தப் பழைய எரிமலையோட மிச்சம், ஆனா லாவா ஒரே மூச்சுல வரல, இடையில பல லட்சம் வருஷம் சும்மா கிடந்து மறுபடி மறுபடி வந்துச்சு, அதனால பழைய லாவா நல்லா மக்கி ஆழமான மண்ணாயிருக்கு, புதுசா வந்த இடத்துல மண்ணு கொஞ்சம் கல்லு ஜாஸ்தி. அந்தக் கல்ல வெறுங்கையால பொறுக்கி ஓரமாக் குவிச்சது முதல்ல அடிமைங்க, அப்புறம் ஒப்பந்தக் கூலியா வந்த நம்ம ஆளுங்க. ப்ராஜெக்ட்டே இதுதான்பா.

ஹாட்ஸ்பாட், அதாவது பூமிக்கு அடியிலேர்ந்து சூடு மேல வந்து எரிமலைய உண்டாக்குற இடம், அதப் பத்தி ஒரு பத்தி போதும். அடியில இருக்குற சூடு பெருசா நகராது, மேல இருக்குற பூமியோட ஓட்டுத் தட்டுதான் நகருது. 6.6 கோடி வருஷத்துக்கு முன்ன இந்தியாவுல தக்காணப் பாறையக் கொட்டுனதும், பின்னாடி நம்ம தீவ உண்டாக்குனதும், இப்ப பக்கத்துத் தீவு ரெயூனியன்ல பித்தோன் தே லா ஃபூர்னேஸ் எரிமலைல கக்கிட்டு இருக்குறதும் அதே சூடுதான்னு சொல்றாங்க. இங்க நிறைய பசங்க வழுக்குவாங்க, "நம்ம முன்னோர் ஊர்லயும் இதே கல்லு"ன்னு எழுதிடுவாங்க. தப்பு. தமிழ்நாட்டுல பெரும்பாலும் ரொம்பப் பழைய கிரானைட், நைஸ் பாறை, தஞ்சாவூர்ப் பக்கம்னா காவிரி வண்டல். பசால்ட் நாட்டுலேர்ந்து பசால்ட் தீவுக்கு வந்தவங்கன்னா பம்பாய் வழியா வந்த மராத்திக்காரங்கதான், இத ஒரு வரி எழுதுனா டீச்சர் அசந்துடுவாங்க.

வரலாறுல 1834லேர்ந்து தொடங்காத. 1730கள்லயே லா பூர்தொனே கவர்னரா இருந்தப்ப பாண்டிச்சேரிலேர்ந்து கைவினைக்காரங்க வந்துட்டாங்க. கரும்பு பெருகுனது 1825ல, பிரிட்டன் நம்ம சர்க்கரைக்கு வரிய மேற்கிந்தியத் தீவு சர்க்கரை அளவுக்குக் குறைச்ச பிறகு. 1835 பிப்ரவரி 1ல அடிமை முறை ஒழிஞ்சுது, முதலாளிங்க அதுக்கு முன்னாடியே ஆள் தேட ஆரம்பிச்சாச்சு, 1834 நவம்பர்ல அட்லஸ் கப்பல்ல வந்த 36 பேர் கல்கத்தாவுலேர்ந்து வந்தவங்க, தமிழங்க இல்ல. நம்ம ஆளுங்க ஏறுனது மெட்ராஸ் துறைமுகம். எல்லாத் துறையும் சேத்து கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் போர்ட் லூயில இறங்கியிருக்காங்க. அவங்க வந்து இறங்குன ஆப்ரவாசி காட் (Aapravasi Ghat) துறைக்கு ஒருதடவ போய் அந்தப் படிக்கட்ட நேர்ல பாத்துடு, அந்தப் படியும் பசால்ட்டுதான்.

வீட்டுல பெரியவங்ககிட்ட பழைய காகிதம் ஏதாச்சும் இருந்தா இமிக்ரேஷன் நம்பர் இருக்கான்னு பாரு, மொக்கா ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல குடியேற்றப் பதிவேடு வெச்சிருக்காங்க, கப்பல் பேரு, ஊர் பேரு கிடைக்கலாம். ஆனா எழுத்து வெள்ளைக்காரன் காதுல விழுந்தபடி இருக்கும், முனுசாமிய எப்படியெல்லாம் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாத்துட்டு தேடு. லேட்டா போகாத, பதில் வர நாளாகலாம்.

மேப் ஒண்ணே ஒண்ணு போடு: லாவா பழசு புதுசு ரெண்டு கலர்ல, அது மேல உங்க தாத்தா வேலை பாத்த எஸ்டேட்டுக்கு ஒரு புள்ளி.