மீன் முள் தாளம்

அன்புள்ள ஐயா,

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். நண்பர் ஒருவர் பெரியல் என்ற லண்டன் இசைக்கலைஞரின் ‘அன்ட்ரூ’ ஆல்பத்தைக் கொடுத்தார். வேலை முடிந்து வரும்போது ஹெட்போனில் கேட்கிறேன். காரணமே இல்லாமல் கண் கலங்குகிறது. கூட இருப்பவர்கள், “வடசென்னைப் பையனுக்கு எதுக்குடா வெள்ளைக்காரன் அழுகை, கானா கேளு” என்று ஓட்டுகிறார்கள். எனக்கு இசை ஞானம் கிடையாது. இதை ரசிக்க ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா? அவர் ஏன் முகத்தை மறைத்துக்கொண்டார்?

எம்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எம்.,

முகத்தை முதலில் முடித்துவிடுவோம். 2008-ல் அந்த ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுப் பட்டியலில் வந்ததும் ‘தி சன்’ நாளிதழ் ஆளைக் கண்டுபிடிக்கக் கிளம்பியது. அந்த ஆகஸ்டில் அவரே மைஸ்பேஸ் வலைத்தளத்தில் பெயரையும் ஒரு படத்தையும் போட்டுவிட்டு, பாட்டு செய்தால் போதும் எனக்கு என்று ஒதுங்கிக்கொண்டார். பெயர் வேண்டுமென்றால் தேடிக்கொள்ளுங்கள், நான் சொல்வதாக இல்லை.

‘இசை ஞானம் கிடையாது’ என்ற வரிதான் எரிச்சலூட்டியது. அவர் என்ன சபாவில் அரங்கேற்றம் செய்தவரா? சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலி வெட்டும் மென்பொருளில், தாளத்தைக் கட்டம் போட்டுத் தரும் வசதி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே ஒட்டியிருக்கிறார். திரையில் டிரம்ஸின் அலை நல்ல மீன் முள் மாதிரி தெரிந்தால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தமாம், ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். காசிமேடு மீன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஞானத்துக்கு என்னிடம் வருகிறீர்கள்! அந்தத் தாளம் லேசாகத் தடுக்கித் தடுக்கி நடப்பதும் அதனால்தான். மேலே மழைச் சத்தம், பழைய இசைத்தட்டின் பொரபொரப்பு. யாரோ பாடிய பாட்டில் ஒரு வரியை வெட்டி, சுருதியை மாற்றி, ஆண் குரலைப் பெண் குரலாக்கிவிடுவார்.

சரி, உங்கள் நண்பர்களுக்கு வருகிறேன். கானா என்றால் குத்து என்று அவர்களுக்கு யார் சொன்னது? சினிமா சொன்னது. சின்ன வயதில் புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணிக்கு ஒரே கேலியும் சிரிப்புமாகத்தான் இருந்தது. இரண்டு, மூன்று மணிக்கு டீ தீர்ந்து, பாதிப் பேர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்ட பிறகு, பாடியவர் குரலை இறக்கினார். டேபிளில் விரல் மட்டும் ஓடியது. செத்தவருடைய அம்மா அவருக்குச் சோறு ஊட்டியதைப் பாடினார். அதுவரை அழாத மூத்த மகன் எழுந்து வெளியே போய்விட்டார். பாடுவது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். “பாட வந்தவருடா” என்றார். அவ்வளவுதான், வேறு விவரம் யாருக்கும் தேவைப்படவில்லை.

சினிமாக்காரர்கள் இதில் தாள அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மூன்று மணிக் குரலை விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் நம் பையன்கள் திரையில் வெட்டலாம், ஆடலாம், தனியாக உட்கார்ந்து ஏங்க மட்டும் கூடாது என்றாகிவிட்டது. வெளியாட்கள் அப்படி நினைத்தால் போகட்டும். நம்மாட்களே அதை வாங்கிக்கொண்டு உங்களை ஓட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் கேவலம். நீங்களும் அவர்களிடம் கூனிக் குறுகி நிற்கிறீர்கள்! லண்டன்காரரிடம் உங்களைக் கலங்க வைப்பது எதுவோ, அதைக் கேட்கிற காது உங்கள் தெருவிலேயே பழகியதுதான். அவர்களை ஒரு சாவு வீட்டில் விடியும்வரை உட்காரச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

ரசிக்க ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? ஒன்றும் வேண்டாம். 2013-ல் பெரியல் வெளியிட்ட ‘ரைவல் டீலர்’ கேளுங்கள். கேலிக்கு ஆளாகிறவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தேன் என்று அவரே செய்தி அனுப்பியிருந்தார். தன் பாட்டுகளை ராத்திரியில் காரில் சுற்றியபடி கேட்டுச் சரிபார்ப்பவர் அவர். அதனால் ஷேர் ஆட்டோவில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஓடும் நேரத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடந்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.